இரண்டு கிறுக்கல் கைகள்

எனக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழோடு பிரெஞ்சும் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான் என்பதால் ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன், பொருள்தான் பிடிபடாது. என் மகள் கடலூரில் கல்லூரிக்குப் போன புதிதில் செங்கல் கனத்தில் ஓர் ஆங்கில அகராதி வாங்கி வந்தாள். ஒரு நாள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அந்த அகராதியை மடியில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தைப் பார்த்ததும் போட்டேன் ஒரு சத்தம். எனக்குத் தேள் கொட்டிவிட்டது என்று நினைத்து மகள் ஓடி வந்தாள். அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

"இது என் சொல்லுடி! இவனுங்க புஸ்தகத்துக்குள்ள எப்டி வந்துச்சி?"

நான் விரல் வைத்துக் காட்டிய சொல் கிரிஃபொனாஜ். மகள் படித்துச் சொன்னாள்: படிக்க முடியாத கையெழுத்து, கிறுக்கல். இங்கிலீஷ்காரர்கள் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்களாம். எடுத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன! ஆனால் அந்தச் சொல் வில்லியனூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாரா வாரம் சிவப்பு மையில் என் நோட்டுப் புத்தகத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்ததே, அதை எந்த அகராதிக்காரர் எழுதப்போகிறார்? நான்தான் எழுத வேண்டும்.

எங்கள் வகுப்பு ஆசிரியையை மதாம் என்றுதான் கூப்பிட வேண்டும். புதுச்சேரியிலிருந்து மாட்டு வண்டியில் வருவார். அவருக்குக் கையெழுத்து என்பது சாமி கும்பிடுகிற மாதிரி. இறங்குகிற கோடு தடிப்பாக இருக்க வேண்டும், ஏறுகிற கோடு மெல்லிசாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் ஒரே தடிப்பு. மைப் பேனாவை நான் பிடித்தால் நிப்பு வாயைப் பிளந்துவிடும். ஒரு பக்கம் எழுதினால் அடியிலிருக்கும் மூன்று பக்கத்திலும் தடம் விழும். மதாம் நோட்டைத் திருப்பி, எழுதாத பக்கத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "நீ எழுதுறியா, ஏர் உழுறியா?" என்று கேட்பார்.

முதல் தடவை அந்தச் சொல்லை அவர் பெரிதாக, அழகாக, ஆச்சரியக்குறி வைத்து எழுதித் தந்தபோது அது பாராட்டு என்று நினைத்துவிட்டேன். வேறு யாருடைய நோட்டிலும் அது இல்லை. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு நெல்லைப் பற்றிக் கேட்டால் தெரியும், பிரெஞ்சைப் பற்றிக் கேட்டால் தெரியாது. சந்தோஷம் தாங்காமல் கடைக்குப் போய்ப் பொரி உருண்டை வாங்கி வந்தார். இரண்டு வாரம் நான் பொரி உருண்டை தின்றேன். மூன்றாவது வாரம் மதாமிடமே போய், "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் மதாம்?" என்று பெருமையாகக் கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கரும்பலகையில் ஒரு மிருகத்தை வரைந்தார். கழுகின் தலையும் இறக்கையும், சிங்கத்தின் உடம்பும், முன்னங்காலில் இத்தனை நீள நகமும். அதன் பெயர் கிரிஃபோன். கிரிஃப் என்றால் நகம், பிராண்டுகிற நகம். "இது பேனா பிடிச்சா எப்படி எழுதும்? இவ எழுதுற மாதிரிதான் எழுதும். அதுக்குத்தான் அந்தப் பேர்" என்றார். வகுப்பே உருண்டு சிரித்தது.

எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். சத்தியமாக இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது! ஏனென்றால் வீட்டில் அம்மாவும் என் எழுத்தைப் பார்த்து, "இன்னாடி இது, கோழி கெளறினாப்ல" என்றுதான் சொல்வாள். கப்பலில் ஒரு மாதம் போனால் வருகிற ஊர்க்காரனுக்கும், எங்கள் வீட்டுக் குப்பைமேட்டைத் தாண்டி எங்கும் போகாத அம்மாவுக்கும் ஒரே யோசனை எப்படி வந்தது? அவர்கள் கழுகு நகம் என்றார்கள், நாங்கள் கோழிக்கால் என்றோம். எழுத்து என்று ஒன்று வந்த நாளிலிருந்து, அதைக் கெடுத்தவர்களை எல்லாரும் பறவை வைத்துத்தான் திட்டியிருக்கிறார்கள் என்று நான் அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

மகளின் அகராதி இதில் இன்னும் இரண்டு படி கீழே இறங்கியது. அந்த மிருகத்தின் பெயர் கிரேக்கத்தில் வளைந்தது, கொக்கி போன்றது என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாமாம். நகம் என்ற சொல்லோ கவ்விப் பிடிப்பது என்ற வேறொரு பழைய வினையிலிருந்து வந்ததாம். கிறுக்கலுக்கு மிருகம் அம்மாவா, நகம் அம்மாவா என்பதில் ஆளுக்கொரு பேச்சு. அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். நகம் கீறினால் தடம் விழும் என்பதுதான் எனக்கு வேண்டிய சங்கதி. அது எவ்வளவு பெரிய சங்கதி என்பதை நான் கல்யாணமான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் சோரியாங்குப்பம், பாகூர்க் கொம்யூன் என்கிற வட்டாரத்தின் எல்லையில் இருக்கிறது. மாமனாருக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். அவர் மகன், அதாவது என் வீட்டுக்காரர், சைகோனில் சுங்கத்தில் காவல் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் சைகோனில் இருப்பார். இவர் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை விடுப்பில் வருவார்.

கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பாகூரில் மேரிக்கும் போக வேண்டும். பிறப்பு, சாவு, கல்யாணம் எல்லாவற்றையும் பதிகிற ஆபீஸ் அது. அங்கே பெரிய புத்தகத்தில் முதலில் அவர் கையெழுத்துப் போட்டார். எட்டிப் பார்த்தேன். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. என்னைவிட மோசம்! எழுத்துக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அடுத்து நான் போட்டேன். நிப்பு மாட்டிக்கொண்டு, காகிதம் கிழிந்து, ஒரு சொட்டு மை தெறித்தது. அவர் குனிந்து பார்த்தார். "உன்னுது என்னுத வுட மோசமா இருக்குதே" என்று காதோரம் சொன்னார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "உங்களுது மட்டும் இன்னா, அச்சடிச்சாப்லயா இருக்குது?" என்றேன். குமாஸ்தா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தைப் பின்னாளில் படிக்கப்போகிறவனுக்காக ஒரு பெருமூச்சு விட்டார்.

மறு விடுப்பில் வந்து நான்கு மாதம் இருந்துவிட்டு அவர் கப்பலேறினார். போன கொஞ்ச நாளில் எனக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து முதல் தடவை. மாமியார் என்னைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடவில்லை. மாமனார், "அவனுக்கு ஒரு வார்த்த எழுதிப் போடணும், தபால்காரர வுட்டு எழுதச் சொல்றேன்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தச் சேதியை இன்னொருவர் கையால் எழுதுவதா? நானே உட்கார்ந்து ஒரு தாள் முழுக்க எழுதிப் போட்டேன்.

பதிலுக்குக் காத்திருந்தேன். ஒரு மாதமாயிற்று. இரண்டு மாதம் நெருங்கியது.

அந்தக் காலை கொல்லைப்புறத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "கடுதாசி!" என்று வாசலில் தபால்காரர் குரல் கேட்டது. களைந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். பாதி வீட்டைக் கடப்பதற்குள் மாமியாரின் அலறல் கேட்டது.

"அய்யோ, என் ராசா! போய்ட்டியாடா!"

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல சேதி என்றால் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் சேதி என்றால் மூலையில் கறுப்பு மை. அப்படிப்பட்ட கடிதம் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வரக் கூடாது. வாசலிலேயே படித்துவிட்டு, படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும். மாமனார் உறையைப் பிரித்துத் தாளை விரித்திருக்கிறார். தாள் முழுக்க மை பரவி, ஓர் எழுத்துகூட எழுத்தாக இல்லை. கீழ் மூலை ஒன்று மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. சைகோனிலிருந்து கறுப்பு மூலையோடு ஒரு கடிதம் வந்தால் அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது? மாமியார் தலையில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்.

உறையின் மேல் பென்சிலில் எழுதியிருந்ததால் கரையாமல் நின்ற விலாசம் என் வீட்டுக்காரர் எழுதியது அல்ல. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எப்போதுமே விலாசத்தை அவருடைய சிநேகிதர் ஒருவர்தான் எழுதுவார். இவர் எழுத்தை நம்பித் தபாலில் போட்டால் அது ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேரும்.

நான் வாசலுக்கு வந்தபோது மாமனார் தாளின் ஓரத்தைக் கிழித்துவிட்டிருந்தார். எதிர் வீட்டுப் பெரியம்மா அதற்குள் வந்து, என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, என் தலையிலிருந்த பூவில் கை வைத்தார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். மாமனார் எதிரில் அதுவரை நான் உரக்கப் பேசியதுகூடக் கிடையாது. அன்று அவர் கையிலிருந்தே தாளைப் பிடுங்கினேன்.

"படிக்காமலே சாவடிச்சிட்டீங்களே மாமா! யாராவது ஒரு வரி படிச்சீங்களா?"

"இன்னாத்தப் படிக்கிறது? மூலைய பாரும்மா" என்றார்.

தபால்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "இது ஏன் நனைஞ்சிருக்குது?"

"கப்பல்லேர்ந்து படகுக்கு எறக்கறப்ப அலை அடிச்சி மொத்தப் பையும் நனைஞ்சிட்டுதாம்மா. காய வச்சித்தான் குடுத்தனுப்புனாங்க" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆனா மூல மட்டும் ஏன் இப்டி கறுப்பா இருக்குதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

பயம் அப்போதுதான் எனக்குள் இறங்கியது. உண்மையாகவே சாவுக் கடிதமாக இருந்து, அதுவும் நனைந்திருந்தால்? அவரே எழுதியிருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார். வேறொருவர் எழுதியிருந்தால் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான், அதைச் சொல்ல வேண்டிய மை கரைந்து போயிருந்தது. வயிற்றில் கை வைத்தபடி நின்றேன். தாளைப் பிடித்திருந்த மற்றக் கையின் கட்டைவிரல் அதன் மேல் நகர்ந்தது. சொரசொரவென்றிருந்தது.

நகத்தை வைத்து இழுத்தேன். நகம் ஒரு பள்ளத்தில் விழுந்தது, வளைந்து போனது, இன்னொரு பள்ளத்தில் இறங்கியது.

ஐயோ! என் நெஞ்சு அடித்துக்கொண்டது இருக்கிறதே! நல்ல கையெழுத்துக்காரன் பேனா தாளை வருடிக்கொண்டுதான் போகும், மை போனால் அவன் எழுத்தும் கூடவே போய்விடும். உழுகிற கைக்குத்தான் மை போனாலும் தடம் நிற்கும். அந்தக் கிரிஃப், அந்த நகம், இந்தத் தாளை வரிக்கு வரி பிராண்டி வைத்திருந்தது.

"மாமா, இது அவரு கை! அவருதான் எழுதியிருக்காரு!"

"அழுத்தி எழுதுறவன் உலகத்துல அவன் ஒருத்தன்தானாம்மா?" என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். படித்தே காட்ட வேண்டும். நகத்தால் தடவித் தடவி ஓர் எழுத்து, இரண்டு எழுத்து கண்டுபிடிக்க முடிந்தது, ஒரு வார்த்தையாகச் சேர்க்க முடியவில்லை. பள்ளத்தில் ஏதாவது பொடியை நிரப்பினால்? அடுப்படிக்கு ஓடினேன். அடுப்பில் சாம்பல் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதைத் தொடக் கை போகவில்லை. மஞ்சள்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தேன்.

எதிர் வீட்டுப் பெரியம்மா வழியை மறித்தார். "வாணாம்டி. மஞ்சள இனிமே நீ தொடக் கூடாது."

"தொடுவேன்!" என்றேன். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

தாளை வெயிலில் தரையில் விரித்தேன். மஞ்சளை அள்ளிப் போட்டு உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்தேன். பிறகு மூச்சை இழுத்து ஊதினேன். மேலே கிடந்த தூள் பறந்தது. பள்ளத்தில் விழுந்த தூள் அங்கேயே நின்றது. நீலக் கறுப்புத் தாளில் மஞ்சள் மஞ்சளாகக் கோடுகள் எழும்பின. ஒன்றின் மேல் ஒன்று ஏறி மல்லுக்கட்டுகிற எழுத்துக்கள். வால் மேல்வரிக்குப் பறக்கிற அந்தக் 'க'! உலகத்தில் வேறு எவனும் அப்படி ஒரு 'க' போட மாட்டான், போட்டால் அவன் வாத்தியார் உதைப்பார்.

நான் கத்திக்கொண்டே படித்தேன். வெயிலில் மண்டி போட்டு, ஒவ்வொரு வரியாக மஞ்சள் போட்டு, ஊதி, படித்தேன்.

"உன்... கடிதம்... வந்தது. நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று... கடவுளுக்குத்தான் தெரியும்."

மாமியார் எழுந்து உட்கார்ந்தார்.

"நம் ஊர்க்காரர்கள்... நாலு பேரிடம்... காட்டினேன். மாடு... சினையாக இருக்கிறது என்று... இரண்டு பேர் சொல்கிறார்கள்."

"இன்னா மாடு?" என்றார் மாமனார்.

"இருங்க மாமா! நீ முழுகாமல்... இருக்கிறாய் என்று... இரண்டு பேர் சொல்கிறார்கள். சண்டையே வந்துவிட்டது. எனக்குச் சோறு... இறங்கவில்லை. மாடா, நீயா? உடனே எழுது. உன் கையால் மட்டும்... எழுதாதே."

அடக் கடவுளே! என் சேதிக்கு அடுத்த வரியில், புதிதாகப் பசு வாங்கியிருக்கிறோம் என்று எழுதியிருந்தேன். என் கிறுக்கலில் இரண்டு வரியும் ஒன்றாகிவிட்டது. தனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதா என்று தெரியாமல் மனுஷன் சைகோனில் தாளும் கையுமாகத் தெருத் தெருவாக அலைந்திருக்கிறார்.

தபால்காரர்தான் முதலில் சிரித்தார். அவருக்கு மூலையின் மர்மமும் அப்போது விளங்கிவிட்டது. ஈரக் கடிதங்களைக் கொடியில் குத்தித் தொங்கவிட்டிருக்கிறார்கள், மை முழுக்க வழிந்து கீழ் மூலையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாமனார் சிரிக்க நினைத்து, முடியாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நான் அப்போதுதான் உடைந்தேன். மஞ்சள் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். என் சத்தம் கேட்டு, அப்போதுதான் தெருமுனையில் வந்துகொண்டிருந்த பெண்கள் சாவுச் சேதி உண்மைதான் என்று நினைத்து அங்கிருந்தே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள்.

மாமியார் அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டு எழுந்து தெருவுக்கு வந்தார். "வாய மூடுங்கடி! என் புள்ள உசுரோட இருக்கான்!" என்று ஒரு அதட்டல் போட்டார். பெண்கள் வாய் அப்படியே நின்றது. பிறகு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மஞ்சளும் கண்ணீரும் அப்பியிருந்த என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார்.

"அழுதது போதும், எழுந்திரு. போய்ப் பேனாவ எடு. மாடு இல்ல, நீதான்னு எழுதுடி."